நாம் தேர்ந்தெடுக்காமல் போன துணை கவர்னர்

போன நவம்பர் முதல் வாரம், 2025, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் என் மகள் போன் செய்தாள். நமக்குக் காலை, அவளுக்கு முந்தின நாள் ராத்திரி.

"அப்பா, இன்னிக்குப் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்தேன். கவர்னருக்கு ஒண்ணு, லெப்டினென்ட் கவர்னருக்கு ஒண்ணு, அட்டர்னி ஜெனரலுக்கு ஒண்ணு."

"ஏம்மா, கவர்னருக்கே ஓட்டா? அவருக்குத் துணைக்கு வர்றவருக்கும் தனியா ஓட்டா?"

"ஆமாப்பா. துணைக்கு நின்னு ஜெயிச்சவங்க யாரு தெரியுமா? கஸாலா ஹஷ்மி. பொறந்தது நம்ம ஹைதராபாத்ல."

அவள் போனை வைத்த பிறகும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. நம் ஊரில் லெப்டினென்ட் கவர்னர் என்றால் பாண்டிச்சேரி ஞாபகம்தான் வரும். டெல்லியிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். அவருக்கும் அங்குள்ள முதலமைச்சருக்கும் ஒத்துப்போனால் செய்தி இல்லை, ஒத்துப்போகாவிட்டால் தினமும் செய்தி. கிரண் பேடி அங்கே இருந்தபோது, 2019 பிப்ரவரியில், முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். அந்தப் பதவிக்குத் தமிழில் 'துணைநிலை ஆளுநர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் எந்தக் கவர்னருக்கும் துணை இல்லை. அங்கே அவர்தான் எல்லாம்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. கவர்னர் இறந்துபோனாலோ ராஜினாமா செய்தாலோ அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் லெப்டினென்ட் கவர்னர். மற்ற நாளில் அவருக்கு என்ன வேலை என்றால், மாநில மேல்சபைக்குத் தலைமை வகிப்பது. வர்ஜீனியா மேல்சபையில் நாற்பது பேர். இருபதுக்கு இருபது என்று நின்றுவிட்டால் இவர் ஓட்டுதான் தீர்ப்பு. இன்னொரு வேடிக்கை, அங்கே கவர்னருக்கும் துணைக்கும் தனித்தனியாக ஓட்டு என்பதால், கவர்னர் ஒரு கட்சி, துணை வேறு கட்சி என்றும் ஜனங்கள் தேர்ந்தெடுத்துவிடலாம். பக்கத்து மேரிலாண்டில் இருவரும் ஜோடியாக நிற்க வேண்டும். அங்கே 2022இல் ஜெயித்த துணை கவர்னர் அருணா மில்லரும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான். பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் இரண்டு ஹைதராபாத் பெண்கள்! நம் மதுரைக்காரர் யாராவது போயிருந்தால் இந்நேரம் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் கட் அவுட் வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்த காரணம் அமெரிக்கா இல்லை. நம் நாட்டிலும் கவர்னரைத் தேர்தல் மூலம் கொண்டுவருவது என்று ஒரு காலத்தில் முடிவே செய்திருந்தார்கள். அவருக்கு ஒரு துணை கவர்னர், அவருக்கும் தேர்தல். பிறகு இரண்டையும் கைவிட்டார்கள். எப்படிக் கைவிட்டார்கள் என்பது நம் வயதுக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கும் ரிட்டயர் ஆன பிறகு அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படிக்க ஆரம்பித்த பின்தான் தெரிந்தது.

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, 1947 கோடையில், மாகாணங்களுக்கு என்ன மாதிரி ஆட்சி அமைப்பு வேண்டும் என்று யோசிக்க சர்தார் படேல் தலைமையில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழு, கவர்னரை வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டு நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்த நாளைய மனநிலையை நினைத்துப் பார்த்தால் புரியும். அதுவரை கவர்னர் என்றால் லண்டனிலிருந்து வரும் துரை. ஊட்டியில் அவருக்கு மாளிகை, கிண்டியில் மாளிகை. அந்தத் துரையின் நாற்காலியில் இனி ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்தான் உட்கார வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் என்ன ஆச்சரியம்? ஜூலை மாதம் சபை அதை ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு திருத்தமும் சேர்ந்தது. ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் மாகாண சட்டசபை ஒரு துணை கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவர்னர் பதவி இடையில் காலியானால் அவர் அதில் உட்காருவார், கவர்னர் இல்லாத நாட்களில் அவர் வேலையைப் பார்ப்பார்.

ஆக, 1947 ஆகஸ்ட் 15 அன்று நம் தலைவர்கள் கொடியேற்றியபோது, காகிதத்தில் நமக்கு ஒரு தேர்ந்தெடுத்த கவர்னரும் ஒரு தேர்ந்தெடுத்த துணை கவர்னரும் இருந்தார்கள்.

முதலில் போனது துணை. டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 1948 பிப்ரவரியில் அரசியல் சட்ட வரைவை ராஜேந்திர பிரசாத்துக்கு அனுப்பியபோது, கூடவே ஒரு கடிதமும் வைத்தது. வரைவில் என்னென்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற விளக்கம் அது. அதில் துணை கவர்னர் விஷயம் சில வரிகள்தான். கவர்னர் இருக்கும்வரை துணை கவர்னருக்குச் செய்ய வேலை ஒன்றும் இருக்காது. மத்தியில் துணை ஜனாதிபதிக்கு ராஜ்யசபைத் தலைமை என்று ஒரு வேலை உண்டு. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் மேல்சபையே இருக்கப்போவதில்லை. ஆகவே அந்தப் பதவி தேவையில்லை. அவ்வளவுதான் வாதம்.

அதைப் படித்தபோது எனக்கு மகள் சொன்ன வர்ஜீனியாதான் நினைவுக்கு வந்தது. அங்கே அந்தப் பதவி பிழைத்திருப்பதே மேல்சபையால்தானே. அம்பேத்கர் அமெரிக்காவில் படித்தவர். அந்த ஏற்பாடு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் ஒன்று. 'பெரும்பாலான மாகாணங்களில்' மேல்சபை இல்லை என்பது சரி. நம் சென்னை மாகாணத்தில் இருந்தது! 1937இலிருந்து இருந்தது. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்படும் வரை இருந்தது. சிலம்புச்செல்வர் ம.பொ.சி.தான் அதன் கடைசித் தலைவர். இங்கே ஒரு துணை கவர்னர் இருந்திருந்தால் அவருக்கு உட்கார நாற்காலியும் இருந்தது, பார்க்க வேலையும் இருந்தது.

அடுத்து கவர்னர் தேர்தல். 1949 மே மாதக் கடைசியில் அதையும் எடுத்துவிட்டார்கள். கவர்னரை ஜனாதிபதியே நியமிக்கட்டும் என்று பிரஜேஷ்வர் பிரசாத் திருத்தம் கொண்டுவந்தார். நம் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் ஆதரித்தார். நேருவும் எழுந்து ஆதரித்துப் பேசினார். மாகாணம் தோறும் தேர்ந்தெடுத்த கவர்னர் என்றால் அது பிரிவினை மனப்பான்மையை வளர்க்கும், வெளியிலிருந்து பொதுவாழ்வில் மதிப்புள்ள ஒருவர் வந்தால் கட்சி சாராமல் இருப்பார் என்பது அவர் கருத்து. அம்பேத்கர் சொன்னது இன்னும் நடைமுறையானது. கவர்னருக்கு நாம் கொடுத்திருக்கும் அதிகாரமே கொஞ்சம், வெறும் அலங்காரப் பதவி, இதற்காக இவ்வளவு செலவு செய்து ஒரு மாகாணத் தேர்தலா, அதில் நிற்கத்தான் யார் வருவார்கள் என்று கேட்டார்.

இரண்டு வருஷத்தில் ஏன் இப்படி மனம் மாறியது? நடுவில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். பிரிவினை, ரத்தக்களரி, காந்திஜி கொலை, காஷ்மீர், ஹைதராபாத், தெலங்கானா. நாடு உடைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும். பயந்த மனிதன் வீட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொள்வான். பூட்டு ஊர்க்காரனான எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

இதற்கும் நம் திண்டுக்கல்லுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அந்த அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து போன பெண் உறுப்பினர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். கேப்டன் லட்சுமியின் அம்மா. 1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் நம் திண்டுக்கல்லிலிருந்து லோக்சபாவுக்குப் போனவர் அவர்தான். அரசியல் சட்டம் நிறைவேறும் சமயத்தில் பேசும்போது, இது இவ்வளவு பெரிய புத்தகமாகப் போய்விட்டதே, கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளும்படி சிறியதாக இருந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டவர். கவர்னர் தேர்தலை எடுத்துவிட்டதில் சில பக்கங்கள் குறைந்தன என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம்!

நியமன கவர்னர் என்ன செய்வார் என்பதை நம் மாகாணம் உடனே பார்த்துவிட்டது. அதே 1952 தேர்தலில் சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். எதிர்க்கட்சிகள் ஆந்திரகேசரி பிரகாசம் தலைமையில் ஒன்றுசேர்ந்து, எங்களுக்குத்தான் அதிக ஆள் என்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, அவரையே முதலமைச்சராக ஆட்சி அமைக்க அழைத்தார். ஏப்ரல் 10ஆம் தேதி ராஜாஜி பதவியேற்றார். மதுரையில் ஜெயித்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. ஜனங்கள் தேர்ந்தெடுக்காத கவர்னர், ஜனங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரை, ஜனங்கள் தேர்ந்தெடுக்காத சபை வழியாக முதலமைச்சர் ஆக்கினார். ராஜாஜியின் அறிவையோ நேர்மையையோ யாரும் குறை சொல்ல முடியாது. கேள்வி அதுவல்ல.

இப்படிச் சொல்வதால் கவர்னருக்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று நான் வாதாடுகிறேன் என நினைக்க வேண்டாம். நான் அதற்கு எதிர்ப்பக்கம். காரணம், நான் இதே ஊரில் கல்லூரி மாணவனாகப் பார்த்த 1973 இடைத்தேர்தல்.

எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தனிக்கட்சி ஆரம்பித்தார். அடுத்த மாதமே தி.மு.க. அமைச்சர்கள் மீது ஊழல் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு யாரிடம் போனார்? கவர்னர் கே.கே. ஷாவிடம். கம்யூனிஸ்ட் தலைவர் கல்யாணசுந்தரம் ஜனாதிபதி கிரியிடம் கொண்டுபோனார். பிறகு வந்ததுதான் நம் தொகுதி எம்.பி. ராஜாங்கம் காலமானதால் நடந்த இடைத்தேர்தல். 1973 மே 20. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்பது நாள் முன்னால்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாகியிருந்தது. மணிக்கூண்டுப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போக முடியாத கூட்டம். முடிவு உங்களுக்குத் தெரியும். இரட்டை இலையில் நின்ற மாயத்தேவருக்கு 2,60,000க்கு மேல். பழைய காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தனுக்கு 1,19,000. ஆளுங்கட்சியின் பொன். முத்துராமலிங்கம் மூன்றாவது, 93,000.

இப்போது ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். அந்த வருஷம் நடந்தது ஒரு எம்.பி. தேர்தலாக இல்லாமல், மாநிலம் முழுக்க கவர்னர் தேர்தலாக இருந்திருந்தால்? எம்.ஜி.ஆரே நின்றிருப்பார். ஜெயித்தும் இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கோட்டையில் கலைஞர் முதலமைச்சர், அவருக்குப் பின்னால் சட்டசபை மெஜாரிட்டி. கிண்டியில் எம்.ஜி.ஆர். கவர்னர், அவருக்குப் பின்னால் கோடி ஓட்டு. யார் சொல்வதை யார் கேட்பது? கலெக்டர் எந்தப் பக்கம் சலாம் போடுவார்? 1947லேயே சிலர் இந்த மோதலைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருக்கிறார்கள். நேருவும் அம்பேத்கரும் அந்த விஷயத்தில் சரியாகத்தான் செய்தார்கள் என்பது என் கட்சி. நியமனத்திலும் மோதல் இல்லாமல் இல்லை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைந்தது அதே கே.கே. ஷாவின் அறிக்கையின் பேரில்தான். பத்து மசோதாக்கள் கவர்னரிடம் நின்றுபோன வழக்கில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு விதமாகச் சொன்னது, நவம்பரில் அரசியல் சாசன அமர்வு வேறு விதமாகக் கருத்துச் சொன்னது. இருந்தாலும், நியமன கவர்னரிடம் 'உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?' என்று கேட்க முடிகிறது. தேர்ந்தெடுத்த கவர்னரிடம் அதைக்கூடக் கேட்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, சின்னக் காரணம்தான். 1984 டிசம்பர் 24. லோக்சபாவுக்கும் சட்டசபைக்கும் ஒரே நாளில் தேர்தல். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில். எனக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தேர்தல் டூட்டி. இரண்டு நிறத்தில் இரண்டு சீட்டு கொடுத்தோம். ஒரு பாட்டி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு எதுக்குய்யா? எம்சியாரு ஒருத்தருதானே?" என்று கேட்டார். பூத்தில் இருந்த ஏஜெண்டுகள் எல்லோரும், எல்லாக் கட்சிக்காரர்களும், சிரித்துவிட்டார்கள். கவர்னருக்கு மூன்றாவது சீட்டு ஒன்றையும் நீட்டியிருந்தால் அந்தப் பாட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஆனால் துணை கவர்னர் விஷயம் வேறு. அவருக்கு ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டியதில்லை. சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். செலவு கிடையாது. அவரை விட்டதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

கவர்னர் இல்லாத வேளைக்கு இப்போது என்ன ஏற்பாடு? ஜனாதிபதி யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பல சமயம் ஹைகோர்ட் தலைமை நீதிபதி சில நாட்கள் பார்ப்பார். 1980இல் பிரபுதாஸ் பட்வாரி போய் சாதிக் அலி வருவதற்கு நடுவில் நீதிபதி மு.மு. இஸ்மாயில் பொறுப்பு கவர்னராக இருந்தார். கம்பன் கழக மேடையில் நாம் கேட்டு மகிழ்ந்த அதே இஸ்மாயில்தான். ஒரு வாரம், பத்து நாள் என்றால் இது சரி. இன்னொரு வழி, பக்கத்து மாநில கவர்னரிடமே இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது. ஒருவரே இரண்டு மாநிலத்துக்கு கவர்னராக இருக்கலாம் என்று 1956இல் சட்டத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

அதன் பலனை நாம் 2016இல் பார்த்தோம். ஆகஸ்ட் கடைசியில் ரோசையா பதவிக்காலம் முடிந்தது. மகாராஷ்டிர கவர்னர் வித்யாசாகர் ராவுக்குக் கூடுதல் பொறுப்பு என்றார்கள். ஏதோ சில வாரம் என்று நினைத்தோம். பன்வாரிலால் புரோகித் வந்து பதவியேற்றது 2017 அக்டோபரில். பதின்மூன்று மாதம்! அந்தப் பதின்மூன்று மாதத்தில்தான் என்னவெல்லாம் நடந்தது. செப்டம்பரில் ஜெயலலிதா ஆஸ்பத்திரிக்குப் போனார். டிசம்பர் 5இல் காலமானார். அன்று நள்ளிரவில் நம் பெரியகுளத்து ஓ.பி.எஸ். பதவியேற்றார். பிப்ரவரி 5இல் ராஜினாமா செய்தார், 7ஆம் தேதி ராத்திரி மெரினாவில் போய் தியானத்தில் உட்கார்ந்தார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் போனார்கள். கவர்னர் எங்கே என்று நாடே கேட்டது. மும்பையில். 9ஆம் தேதிதான் சென்னை வந்தார். எடப்பாடி பழனிசாமி பதவியேற்றபோது 16ஆம் தேதி ஆகிவிட்டது.

அந்த நாட்களில் நாங்கள் நாலைந்து ரிட்டயர்டு ஆட்கள் காலையில் நடந்துவிட்டு டீக்கடை டி.வி. முன்னால் நிற்போம். திண்டுக்கல் சீனிவாசன் எந்தப் பக்கம் என்பது ஊர்க் கவலை. ஆனால் கடைக்காரர் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஏன் சார், இவ்வளவு பெரிய ஸ்டேட்டுக்கு முழுநேர கவர்னர் ஒருத்தர் இல்லையா? என் கடைக்கே நான் இல்லேன்னா பார்த்துக்க மச்சான் இருக்கான்."

1947 ஜூலையில் நம் பெரியவர்கள் யோசித்து வைத்த 'மச்சான்' இதற்காகத்தான். கவர்னர் இருக்கும்வரை அவருக்கு வேலை இல்லை என்று 1948இல் தள்ளினார்களே, கவர்னரே இல்லாமல் ஒரு மாநிலத்தைப் பதின்மூன்று மாதம் வைத்திருப்பார்கள் என்று அம்பேத்கர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த வாதத்தை எங்கள் டீக்கடைக் குழுவில் ஒருவரான தமிழாசிரியர் நண்பரிடம் சொன்னேன். அவர் எதையும் லேசில் ஒப்புக்கொள்பவர் அல்ல. "சட்டசபை தேர்ந்தெடுத்த ஆள்னா, ஆளுங்கட்சி ஆள்தானே சார்? 2017 பிப்ரவரியில அந்தத் துணை கவர்னரும் ஒண்ணு மெரினாவுல உட்கார்ந்திருப்பாரு, இல்லேன்னா கூவத்தூர்ல இருந்திருப்பாரு. அவர்கிட்டயா நியாயம் கேட்கப் போறீங்க?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்சி இரண்டாக உடையும்போது, அந்தக் கட்சியே தேர்ந்தெடுத்த துணை கவர்னர் நடுநிலையாக இருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அவர் சென்னையில் இருந்திருப்பார். அவர் செய்வதைச் சட்டசபை பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த தேர்தலுக்குப் பிறகு அவர் நாற்காலியும் போகும். மும்பையில் இருப்பவருக்கு அந்தப் பயமும் கிடையாது. இதை மறுநாள் அவரிடம் சொன்னேன். "இருந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இதுவே பெரிய வெற்றி.

மகளிடமும் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு அன்று ஓட்டுப் போட்டதற்குச் சட்டையில் ஒட்டிக்கொள்ளக் கொடுத்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். விரலில் மை வைக்க மாட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

"அப்போ ஒருத்தரே ரெண்டு தடவை போட்டுட்டா?" என்றேன்.

"அப்பா, நீங்க இன்னும் எலெக்ஷன் டூட்டியிலேயே இருக்கீங்க" என்றாள்.